மூன்றே முக்கால் அடிக் கன்னி

கடல்கன்னி விவகாரத்தை மணிகண்டபிரபு முடித்து வைத்தான்.

பல தேசத்து மாலுமிகளும் பாதிரியார்களும் ஓவியர்களும் விலங்கியல் அறிஞர்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பேசியும் தீராத அந்த விவகாரம், ஜூன் பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, தென்காசியில் ஒரு நகல் கடையின் மாடியறையில் தீர்ந்தது. சாட்சியாக இருந்தவர் ஒரே ஒருவர். அவரும் கவனிக்கவில்லை.

"அக்கா, இனிமே உலகத்துல கடல்கன்னியைப் பத்தி எவனும் எழுத வேண்டியதில்ல. எல்லாத்தையும் நான் எழுதிட்டேன்" என்றான் பிரபு.

ரஹ்மத்துன்னிசா நிமிராமல், "நல்லது. அந்தச் செங்கோட்டைத் தீ விபத்து ரிப்போர்ட்டை எழுதிட்டியா?" என்றாள்.

ரஹ்மத்துன்னிசா காப்பீட்டு நிறுவனங்களுக்காக இழப்பை மதிப்பிடும் சர்வேயர். நாற்பத்தாறு வயது. குரலை உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை. புளியங்குடியிலிருந்து கிளம்பிய எலுமிச்சை லாரி ஆற்றில் கவிழ்ந்து அத்தனை மூட்டையும் போய்விட்டது என்று ஒருவர் அழுதபோது, இவள் ஆற்றங்கரையில் ஐந்து நிமிடம் நின்றாள். "மூட்டை விழுந்திருக்கு, பழம் விழல. ஒரு சொட்டு வாசமும் இல்லியே" என்றாள். அழுதவர் மறுநாளே பழத்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக் காட்டினார்.

அவளுடைய அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதித் தருபவன் பிரபு. முப்பத்து மூன்று வயது, கல்லூரியில் ஆங்கிலத் துறைக் கௌரவ விரிவுரையாளர். நெற்றி எங்கே முடிந்து தலை எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் அவனிடம் இன்னும் முடியாத விவகாரம். அதன் காரணமாக நான்கு பெண் வீட்டார் காபி குடித்ததோடு எழுந்து போயிருந்தார்கள்.

"கேளுங்கக்கா. ஆதியில சைரன்னு கிரேக்கக்காரன் சொன்னது பாதிப் பறவை. பின்னால வந்தவன் இறக்கையை வெட்டிட்டு மீன்வாலைத் தச்சான். இங்கிலீஷ்ல 'மெர்'னா கடல், 'மெய்ட்'னா கன்னி. நம்ம ஆளு அதைப் பார்த்துக் கடல்கன்னின்னு எழுதிக்கிட்டான். நடுக்கடல்ல கடல்பசு தலையைத் தூக்கிச்சு, கப்பல்காரன் காதலிச்சான். கதை முடிஞ்சது."

"மெர்னா கடல் மட்டும்தானா?"

"பழைய இங்கிலீஷ்ல ஏரியையும் குளத்தையும் சொல்லியிருக்கான். அது அடிக்குறிப்புக்குப் போயிரும்." பிரபு அதைக் கையால் ஒதுக்கினான். "முக்கியமான விஷயம் இதுதான். தென்காசியில பிறந்த எவனுக்கும் மீன்வால் வச்ச பொண்ணு தோணியிருக்க முடியாது. எந்தப் பக்கம் போனாலும் கடல் ரெண்டு மணி நேரம். அதுலயும் கையில சீப்பும் கண்ணாடியும் இருந்தா அவ சுத்தமான ஐரோப்பாக்காரி. போன வாரம் ஐந்தருவி ரோட்டு சாரல் மாளிகைக்கு அட்டை எழுதிக் கொடுத்தேனே, அதுல ஆதாரத்தோட இருக்கு."

சாரல் மாளிகை ஒரு தங்கும் விடுதி. அதன் உரிமையாளர் அருமைநாயகம் கொல்லத்துப் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் ஒரு மரக் கடல்கன்னியை வாங்கி வரவேற்பறையில் நிறுத்தியிருந்தார். அதன் காலடியில், அதாவது வாலடியில், வைக்க ஓர் அட்டை வேண்டும் என்றார். பிரபு சிலையைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தான். புகைப்படமும் வியாபாரியின் சீட்டும் அவனுக்குப் போதும். 'டச்சுக் கப்பலின் முகப்புச் சிலை. வயது முந்நூறு. உயரம் மூன்றே முக்கால் அடி. சீப்பும் கண்ணாடியும் ஏந்திய ஐரோப்பியக் கடல்கன்னி.'

ரஹ்மத்துன்னிசா பதில் சொல்வதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவள் ஐம்பத்தெட்டு வயதுக்காரி. கையில் ஒரு துணிப்பை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம் பேரு முருகம்மாள். மடைத்தெருவுல இட்லிக் கடை வச்சிருக்கேன். வச்சிருந்தேன். மூணு வாரமா ஒரு இட்லி போகல. எலுமிச்சை லாரிப் பொய்யைக் கண்டுபிடிச்சது நீங்கதான்னு சொன்னாக, அதான் வந்தேன்" என்றாள். "நான் சாமியை வித்துத் தின்னுட்டேன்னு சொல்லுதாக."

சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

மடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு குளம். கரையில் ஒற்றை அறைக் கோயில். உள்ளே குளத்துக் கன்னி என்னும் மரச் சிலை. ஆண்டுக்கு ஒருமுறை, கொடை என்னும் கோயில் திருவிழாவுக்கு முதல் நாள், முருகம்மாள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போவாள். பழைய பாவாடைக்கு மேல் புதுப் பாவாடையை உடுத்தி, பழையதன் நாடாவை அறுத்து உருவி எடுப்பாள். அந்தப் பாவாடை இடுப்பிலிருந்து கல் பீடம் வரை தொங்கும். அதற்குக் கீழே எவரும் பார்த்ததில்லை, பார்க்கக் கூடாது. படமும் எடுக்கக் கூடாது. முப்பத்தொரு வருடமாக உடுத்துகிறவள் இவள்தான். சாவி இவள் இட்லிக் கடை ஆணியில் தொங்கும்.

"மூணு வெள்ளிக்கு முன்னால விளக்குப் போடப் போனேன். பூட்டு பூட்டினபடி இருந்துச்சு. உள்ள அம்மையைக் காணல. சாவி என்கிட்ட. வேற யாரைச் சொல்லுவாக? அடுத்த செவ்வாய் கொடை. அதுக்குள்ள சிலை வரலன்னா நான் தெருவை விட்டுப் போயிரணும்னு கூட்டம் போட்டுப் பேசிட்டாக."

"கடைக்குச் சாப்பிட வாரவங்க யாரு வேணாலும் சாவியை எடுத்திருக்கலாமே?" என்று கேட்டாள் ரஹ்மத்துன்னிசா.

"அதை நான் சொன்னா, தின்னவன் எல்லாரையும் திருடன்னு சொல்லுதாளான்னு கேக்காக."

ரஹ்மத்துன்னிசா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குளக்கரைக் கோயில், பிரபு எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. கம்பிக் கதவுக்கு உள்ளே ஒரு கல் பீடம், நடுவில் வட்டமான குழி. பின்சுவர் விளக்குப் புகையில் கரியாகிக் கிடந்தது. சிலை நின்ற இடம் மட்டும் தலையும் தோளுமாக வெளுத்துத் தெரிந்தது. பீடத்தைச் சுற்றிச் சீப்புகள், கைக்கண்ணாடிகள், வளையல்கள், இரண்டு ஜோடிக் கொலுசு.

"இத்தனை சீப்பா? மரக்கட்டை தலை சீவுமா என்ன?" என்றான் பிரபு. "உலகத்துலேயே பெரிய முட்டாள்தனத்துக்குப் போட்டி வச்சா, தென்காசிக்கு ஒரு கோப்பை நிச்சயம்."

முருகம்மாள் கோபப்படவில்லை. "முடி கொட்டுதவங்க நேர்ந்துக்கிட்டுப் போடுவாக, தம்பி" என்றாள். அவளுடைய பார்வை அவன் நெற்றிக்கு ஏறி, அங்கே தேவைக்கு மேல் இரண்டு வினாடி நின்றது.

பிரபு குடையைத் தாழ்த்திப் பிடித்தான்.

ரஹ்மத்துன்னிசா பைக்குள்ளிருந்து அளவு நாடாவை எடுத்துக் கொடுத்தாள். பிரபு குழியை அளந்தான். ஒன்பது அங்குல ஆழம். பீடத்திலிருந்து சுவரில் வெளுத்திருந்த தலை உச்சி வரை அளந்தான். சரியாக மூன்று அடி.

"அன்னிக்கு நீங்க பார்த்தப்ப இங்கன என்ன கிடந்துச்சு?" என்று கேட்டாள் ரஹ்மத்துன்னிசா.

முருகம்மாள் துணிப்பையைப் பிரித்தாள். சிவப்புப் பாவாடை ஒன்று. "இதுதாம்மா. குழியைச் சுத்தி வட்டமா கிடந்துச்சு."

ரஹ்மத்துன்னிசா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழிசல் இல்லை. நாடா அறுபடவில்லை. முடிச்சு அவிழவில்லை. "இந்த முடிச்சு நீங்க போட்டதா?"

"போன வருஷம் நான் போட்டதுதான். ரெட்டை முடிச்சு."

அப்போது பின்னாலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. கோயில் கமிட்டிச் செயலாளர் குற்றாலிங்கம் வெள்ளை வேட்டியை ஒரு சாண் தூக்கிப் பிடித்தபடி நின்றார். செங்கோட்டை ரோட்டில் மரக்கடை வைத்திருப்பவர். எதையும் அளவு சொல்லாமல் பேசியறியாதவர். தெருவுக்குள் ஒரு கல்யாணம் என்றால் பந்தல் எத்தனை அடி என்பதை மணமக்கள் பெயருக்கு முன்னால் சொல்வார்.

"போலீஸ்ல நான்தான் மனு கொடுத்தேன் மேடம். நகல் இருக்கு, பாருங்க. நான் எழுதினா ஒரு புள்ளி பிசகாது."

பிரபு வாங்கி வாசித்தான். 'வேங்கை மரத்தாலான, மூன்றே முக்கால் அடி உயரமுள்ள, இரு கால்களிலும் கொலுசு அணிந்த பெண் உருவம்.'

"கால் நல்லா அமைஞ்சிருக்குமோ, அண்ணாச்சி?" என்று கேட்டாள் ரஹ்மத்துன்னிசா.

"அம்சமா இருக்கும். தெருவுக்கே தெரியும். கால் இல்லாமலா கொலுசு போடுவாக?"

ரஹ்மத்துன்னிசா முருகம்மாளிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. அம்மைக்குக் கால் உண்டா?"

முருகம்மாளின் கை பாவாடையைக் கசக்கியது. "எனக்குத் தெரியாதும்மா."

"கேட்டுக்கிடுங்க" என்றார் குற்றாலிங்கம். "முப்பத்தொரு வருஷம் துணி உடுத்துனவளுக்குக் கால் உண்டான்னு தெரியாதாம். கண்ணைத்தானே கட்டினாக, கையையுமா கட்டினாக?"

கரையில் கூடியிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். முருகம்மாள் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்காக ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது பிரபுவுக்கு. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வியாகவும் இருந்தது.

திரும்பும் வழியில் ஆட்டோவுக்குள் அவன் தன் முடிவை அறிவித்தான். "அக்கா, அந்தம்மா எதையோ மறைக்குது. செயலாளர் பாவம், ஞாபகப் பிசகுல மூணு அடிச் சிலையை மூணே முக்கால்னு எழுதிட்டாரு. அதை ஒரு தப்பாச் சொல்ல முடியாது."

"மறைக்குதுங்கிறது சரி" என்றாள் ரஹ்மத்துன்னிசா. "பிரபு, நீ ஒரு பாவாடை. முடிச்சு அவிழல, நாடா அறல, துணி கிழியல. சாமியை விட்டு எப்படிக் கழண்டு வருவே?"

பிரபு தன்னைப் பாவாடையாகப் பாவித்து இரண்டு நிமிடம் யோசித்தான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"மேல உருவ முடியாது. கை இடிக்கும், தோள் இடிக்கும். கீழேதான் போகணும். ஆனா கால் இருந்தா, அதுக்குக் கீழ பலகை மாதிரி ஒரு அடிப்பாகம் இருக்கும். அதுவும் இடிக்கும்."

"அப்ப?"

"அப்ப கீழே ஒண்ணும் இருக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழ நேரா ஒடுங்கி..." பிரபு நிறுத்தினான். உலகத்தின் கடைசிக் கடல்கன்னிக் கட்டுரை அவன் பையில் நாற்பத்திரண்டு பக்கமாகக் கனத்தது.

"உன் அட்டையில உயரம் என்ன போட்டிருந்தே?" என்று கேட்டாள் அவள்.

மறுநாள் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குச் சாரல் மாளிகையின் வரவேற்பறையில் ஆறு பேர் கூடினார்கள். ரஹ்மத்துன்னிசா, பிரபு, முருகம்மாள், சாட்சிக்கு வந்திருந்த எஸ்.ஐ. ஜஸ்டின், விடுதி உரிமையாளர் அருமைநாயகம், குற்றாலிங்கம். குற்றாலிங்கத்தை வரவழைப்பது சுலபமாக இருந்தது. "ஒரு மரத்துக்கு வயசு சொல்லணும் அண்ணாச்சி, உங்களை விட்டா ஆளில்லை" என்று பிரபு தொலைபேசியில் சொன்னான். எந்த மரம், எந்த இடம் என்று கேட்கத் தோன்றுவதற்குள் அவர் சட்டையை மாற்றிவிட்டார்.

நீல விளக்கின் கீழே, இரும்புத் தாங்கியில் நின்றாள் அவள். ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் கண்ணாடி. இடுப்புக்கு மேல் பெண், இடுப்புக்குக் கீழ் மீன். குற்றாலிங்கம் வாசலில் ஒரு கணம் நின்றதை பிரபு பார்த்தான். முருகம்மாள் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. உள்ளே நுழைந்ததும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது எங்க ஊரு மரமே இல்லை" என்றார் குற்றாலிங்கம். "வெளிநாட்டுத் தேக்கு. எங்க அம்மைக்குக் கால் உண்டு. இதுக்கு எதுக்கு எங்களைக் கூப்பிட்டீக?"

"நானும் அதைத்தான் கேக்கேன்" என்றார் அருமைநாயகம். "சீட்டு இருக்கு. டச்சுக் கப்பல்னு எழுதியிருக்கு. தம்பியே அட்டையில அதைத்தான் எழுதியிருக்காரு."

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அருவிப் பக்கமிருந்து வெள்ள எச்சரிக்கைச் சைரன் ஒலித்தது.

"சைரன் என்பது ஆதியில்..." என்று தொடங்கினான் பிரபு.

"இப்ப வேண்டாம்" என்றாள் ரஹ்மத்துன்னிசா. பிறகு அருமைநாயகத்திடம், "அண்ணாச்சிக்குச் சொந்த ஊரு எது?"

"கீழப்பாவூர்."

"குளத்துல மீன் பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிக்காம? பள்ளிக்கூடத்துக்குப் போன நாளைவிடக் குளத்துல கிடந்த நாள் அதிகம்."

"இந்த வாலைப் பார்த்துட்டு இது என்ன மீன்னு சொல்லுங்க. அட்டையை மறந்துருங்க."

அருமைநாயகம் குனிந்தார். கப்பலில் வந்த பெருமையை ஒரு நிமிடம் மறந்து, பையனாக இருந்தபோது பார்த்த கண்ணால் பார்த்தார். "கடல்மீன் வால் ரெண்டாப் பிளந்திருக்கும். இது வட்டமா, விசிறி மாதிரி இருக்கு. உடம்பும் உருளை." அவர் குரல் மெல்லத் தணிந்தது. "விரால். இது விராலுல்லா. டச்சுக்காரனுக்கு விராலு எப்படித் தெரியும்?"

"கடலையே பார்க்காத ஒரு ஆசாரி செதுக்கினது. மீன்னா அவருக்கு விரால். எஸ்.ஐ. சார், அந்த நீல விளக்கை அணைச்சுட்டு ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க."

வெளிச்சம் வந்ததும் பிரபுவுக்குக்கூடத் தெரிந்தது. சிலையில் மூன்று நிறங்கள் இருந்தன. தலையிலிருந்து இடுப்பு வரை எண்ணெயும் புகையும் ஏறி மினுமினுத்த கறுப்பு. இடுப்பைச் சுற்றிக் கயிறு தேய்த்ததுபோல ஒரு பள்ளம். அதற்குக் கீழே நிறம் ஏறாத வெளிர் மரம். வால் நுனியில் மட்டும் ஈரம் உறிஞ்சிப் பொரிந்த பழுப்பு.

"கப்பல் முகப்புல நின்னவளுக்கு உப்புத் தண்ணி கீழதானே அதிகம் அடிக்கும்? கீழ்ப்பாகம்தானே கெட்டுப் போயிருக்கணும்? இவளுக்கு மேல்பாகம் கறுத்திருக்கு, கீழ்ப்பாகம் புதுசா இருக்கு. கழுத்துல விரலை வச்சு முகர்ந்து பாருங்க சார்."

ஜஸ்டின் முகர்ந்தார். "இலுப்பெண்ணெய். கோயில் விளக்கு வாசம்."

"கண்ணாடியும் சீப்பும் ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தம்னு தம்பி எழுதியிருக்காப்புல" என்றாள் ரஹ்மத்துன்னிசா. "மடைத்தெருக்காரங்க வருஷா வருஷம் எதைக் கொண்டுவந்து போடுறாங்கன்னு நேத்து அவரே குனிஞ்சு பார்த்தாரு. பார்த்தும் எழுதினதை நம்பினாரு."

பிரபு தன் செருப்பை ஆராய்ந்தான்.

அவள் சிவப்புப் பாவாடையை எடுத்தாள். முடிச்சு அவிழ்க்கவில்லை. பிரபுவும் ஜஸ்டினும் தாங்கியிலிருந்து சிலையைத் தூக்கிப் பிடிக்க, வாலின் கீழிருந்து அதை மேலே ஏற்றினாள். நாடா இடுப்புப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பாவாடையின் விளிம்பு, வெளிர் மரம் முடிந்து பழுப்பு தொடங்கும் இடத்தில் சரியாக நின்றது.

"அளந்து சொல்லு பிரபு."

பிரபு அளவு நாடாவை விரித்தான். "உச்சியிலிருந்து பாவாடை விளிம்பு வரை மூணு அடி. விளிம்புக்குக் கீழ ஒன்பது அங்குலம்."

"கோயில் சுவர்ல மூணு அடி. பீடக் குழியில ஒன்பது அங்குலம். கூட்டினா மூணே முக்கால். குளத்துக் கன்னி இங்கன நிக்கா. போனது செங்கோட்டைக் கணவாய் வழியாக் கொல்லம், திரும்பி வந்ததும் அதே வழி. இதோட முடிஞ்சிருந்தா நான் அண்ணாச்சியைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்."

குற்றாலிங்கம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"உங்க மனுவுல உயரம் என்ன?"

"அது... ஒரு குத்துமதிப்பா எழுதினேன்."

"மூணுன்னு குத்துமதிப்பா எழுதலாம். நாலுன்னு எழுதலாம். முக்கால்னு யாரும் குத்துமதிப்பா எழுத மாட்டாங்க. பீடத்துல நின்னப்ப தெருக்காரங்க பார்த்தது மூணு அடி. குழிக்குள்ள முக்கால் அடி இருக்குன்னு, அதை வெளியே தூக்கினவனுக்குத்தான் தெரியும். அதுவும் நுனியிலிருந்து நுனி அளக்குற பழக்கம் உள்ளவனுக்கு."

"பழைய கமிட்டி ஏட்டுல அளவு இருந்துச்சு."

"அதுல வாலும் இருந்திருக்குமே அண்ணாச்சி. நீங்க எழுதினது கால்."

குற்றாலிங்கம் வாசலைப் பார்த்தார்; அங்கே ஜஸ்டின் நின்றிருந்தார்.

"தூக்கினவன் வாலைப் பார்த்திருக்கான்" என்றாள் அவள், இட்லிக் கடையில் சட்னி கேட்கும் குரலில். "பார்த்துட்டுக் கால்னு எழுதியிருக்கான், நாளைக்கு எங்க கிடைச்சாலும் யாரும் இதுதான்னு சொல்லிரக் கூடாதுன்னு. காலைப் பத்தி யோசிச்சுப் பொய் எழுதின ஆளுக்கு, அளவைப் பத்தி யோசிக்கத் தோணல. மரக்கடைக்காரர் கை, தானா உண்மையை எழுதிருச்சு."

அருமைநாயகம் ஏற்கெனவே செல்பேசியை எடுத்திருந்தார். கொல்லத்து வியாபாரி ஒலிபெருக்கியில் வந்தார். கன்னியை யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டார் அருமைநாயகம், எஸ்.ஐ. பக்கத்தில் நிற்பதையும் சேர்த்துச் சொன்னார். பிறகு டச்சுக் கப்பல் வேகமாக மூழ்கியது.

"எனக்கு ஒந்நும் அறியில்ல சாரே. செங்கோட்டையில மரக்கச்சவடம் செய்யுற லிங்கம் சேட்டன் கொண்டுவந்ததாணு."

குற்றாலிங்கம் சோபாவில் உட்கார்ந்தார். கோயிலுக்குக் கூரை மாற்றும்போது பீடத்தில் கரையான் இருக்கிறதா என்று ஒருநாள் தனியாகத் தூக்கிப் பார்த்தாராம். வாலைப் பார்த்ததும் இது வெளியில் என்ன விலைக்குப் போகும் என்று தோன்றிவிட்டதாம். பிறகு ஒருநாள் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சாவியை எடுத்தாராம். மறுவேளை சாப்பிட வந்தபோது மாட்டிவிட்டாராம். சாம்பார் நன்றாக இருந்தது என்று அன்று சொல்லியும் இருக்கிறார்.

முருகம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். கண் இன்னும் மூடியிருந்தது. "எனக்கு முன்னால உடுத்துனவ என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினா. கை கண்டதை வாய் சொல்லக் கூடாதுன்னு. தெருவை விட்டே போகச் சொன்னப்பவும் நான் சொல்லல. இப்பவும் நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"நீங்க ஒண்ணும் சொல்லலக்கா. கட்டை சொல்லிச்சு" என்றாள் ரஹ்மத்துன்னிசா.

முருகம்மாள் மூடிய கண்ணோடு சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அதுவே முதல் தடவை என்பது பிரபுவுக்குத் தெரியாது. ஆனால் பெரிதாக எதையோ ஜெயித்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று அவனுக்குப் பட்டது.

நீதிமன்றத்துக்கான ஆவண வேலைகளையெல்லாம் ஜஸ்டின் ஐந்து நாளில் முடித்தார். செவ்வாய்க்கிழமை கொடைக்கு, அருமைநாயகம் தன் விடுதி வேனிலேயே கன்னியைக் கொண்டுவந்தார். வேனுக்கு முன்னால் இரண்டு நையாண்டி மேளம். முன் இருக்கையில் முருகம்மாள், கழுத்தில் தெரு போட்ட மாலை. இட்லி வேண்டாம் என்று போனவர்கள் வேனுக்கு வழிவிட்டு நின்றார்கள். ஒருவர், "யக்கா, நாளைக்குக் கடை உண்டுல்லா?" என்று கேட்டார். "உண்டு. கடன் மட்டும் கிடையாது" என்றாள் அவள். தெருவே சிரித்தது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கன்னி வேனிலிருந்து இறங்கியது தலையிலிருந்து வால் வரை பட்டு சுற்றி. இனிப் பாவாடை வேண்டுமா என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. முருகம்மாள் கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள், புதுப் பாவாடை உடுத்தினாள், ரெட்டை முடிச்சுப் போட்டாள். அரை மணி நேரத்தில் பீடத்தில் மூன்று ஜோடிக் கொலுசு சேர்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் மடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் அம்மைக்குக் கால் உண்டு என்றார்கள்; அதுவும் அம்சமான கால்.

"புரியவே இல்லக்கா" என்றான் பிரபு, கரையில் பொங்கச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு. "எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே."

"கடல்ல போனவன் மேல்பாதியைப் பார்த்தான், கீழ வாலை ஒட்டிக்கிட்டான். இங்கன உள்ளவங்க மேல்பாதியைப் பார்த்தாங்க, காலை ஒட்டிக்கிட்டாங்க. தண்ணிக்குள்ள தெரியாத பாதியை அவனவன் ஊருக்குத் தக்கன நிரப்பிக்கிடுதான். உன் நாற்பத்திரண்டு பக்கத்துல இது எங்கேயாவது வருதா?"

"அடிக்குறிப்புல வருது" என்றான் பிரபு, யோசித்து. "குளம்னு ஒரு வார்த்தை."

"அதை மேல கொண்டு வா. மத்ததைக் கீழ போடு."

ஆட்டோ வந்தது. ரஹ்மத்துன்னிசா ஏறி உட்கார்ந்தாள். பிரபு ஒரு கால் வைத்து ஏறியவன் இறங்கினான்.

"குடையை விட்டுட்டேன்க்கா. ஒரு நிமிஷம்."

குடை அவன் கக்கத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு குளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோயிலில் கூட்டம் கலைந்திருந்தது. முருகம்மாள் வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிரபு இரண்டு பக்கமும் பார்த்தான். சட்டைப் பைக்குள்ளிருந்து, காலையிலேயே கடைவீதியில் வாங்கி விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்த சீப்பை எடுத்தான். மற்ற சீப்புகளோடு கலந்து தெரியாதபடி, கொலுசுகளுக்குப் பின்னால் செருகினான்.

பிறகு கண்ணை மூடி, உலகத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:

"முன்பக்கம் மட்டும் போதும், அம்மை."

பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தொடர்ந்தது.

பிரபு குடையை விரித்து, நெற்றியை மறைத்துப் பிடித்தபடி ஆட்டோவை நோக்கி நடந்தான்.